மாணவர் அரங்க வடிவமைப்புக் கண்காட்சி: பார்வையாளருக்கும் விமரிசகருக்கும் ஒரே ஏற்பாடு போதுமா?

மேடைப்பக்கம் எழுதியது:

வணக்கம். நாடகத்துறை இறுதியாண்டு மாணவர்களின் வடிவமைப்புப் பணிகளைக் காட்சிக்கு வைக்கும் பொறுப்பு இம்முறை என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. மேடையமைப்பு, உடை, ஒளி, ஒலி ஆகிய நான்கு பிரிவுகளிலும் மாணவர்கள் இருக்கிறார்கள். சிலருடைய வடிவமைப்பு மேடையேறிப் பார்வையாளர்களைச் சந்தித்தது. பெரும்பாலானவர்களுடையது வகுப்புப் பயிற்சியாக, ஒரு நாடகப் பிரதியை எடுத்துக்கொண்டு தாளிலும், மேடையைச் சிறிதாக்கிச் செய்த மாதிரியிலும் மட்டுமே உருவானது. இரண்டு வகையும் ஒரே கூடத்தில் அடுத்தடுத்து இடம்பெறப் போகின்றன. முற்பகலில் வெளியிலிருந்து வரும் நெறியாளர்களும் வடிவமைப்பாளர்களும் ஒவ்வொரு மாணவரிடமும் நின்று கருத்துச் சொல்வார்கள். பிற்பகலிலிருந்து பொதுப் பார்வையாளர்கள் வருவார்கள்.

முந்தைய ஆண்டுகளின் காட்சிகளைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்குச் சில கேள்விகள் உண்டு. அழகாக வெட்டி ஒட்டப்பட்ட பலகைகளும் நேர்த்தியான மாதிரிகளும் இருந்தன. ஆனால் அந்த மேடையில் என்ன நாடகம் நடக்கிறது, யார் எந்த வாயிலில் நுழைகிறார், முதற்காட்சிக்கும் கடைசிக் காட்சிக்கும் இடையில் என்ன மாறுகிறது என்பது பலகைகளைப் படித்த பின்னும் விளங்கவில்லை. விமரிசகர்களும் பெரும்பாலும் மாதிரியின் கைவேலையைப் பாராட்டினார்கள், அல்லது நிறம் பிடிக்கவில்லை என்றார்கள். மாணவர்கள் உடனே தங்கள் தரப்பை நிலைநாட்டப் பேசத் தொடங்கினார்கள். ஒளி, ஒலி மாணவர்களின் நிலை இன்னும் கடினம். வரைபடத்தையும் கியூ பட்டியலையும் (ஒளியோ ஒலியோ எந்தெந்தக் கணத்தில் மாற வேண்டும் என்ற குறிப்புகள்) சுவரில் ஒட்டினால் துறை சாராதவர்கள் அங்கே நிற்பதே இல்லை.

ஆகவே கேட்கிறேன். முடிவான வடிவத்தை மட்டும் வைப்பதா, அதற்கு முந்தைய கிறுக்கல்களையும் கைவிட்ட மாதிரிகளையும் சேர்த்து வைப்பதா? எழுத்து விளக்கம் எவ்வளவு இருக்கலாம்? மேடையேறிய பணியையும் ஏறாத பணியையும் ஒரே கண்ணால் பார்ப்பது நியாயமா? எல்லாவற்றுக்கும் மேலாக, விமரிசன நேரத்தை மாணவருக்குப் பயன்படும்படி எப்படி நடத்துவது? அனுபவமுள்ளவர்கள் விரிவாகவே எழுதினால் நன்றியுடையவனாவேன்.


வெள்ளை அட்டை எழுதியது:

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மற்றவற்றுக்கான விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது. காட்சியும் விமரிசனமும் இரண்டு வெவ்வேறு நிகழ்வுகள். அவற்றை ஒரே நாளின் முற்பகலும் பிற்பகலுமாக வைத்திருப்பதுதான் நீங்கள் சொல்லும் தொல்லைகளின் வேர் என்பது என் உறுதியான கருத்து. இன்னும் மாற்றக்கூடிய ஒன்றைப் பற்றிப் பேசுவது விமரிசனம். முடிவெடுத்தாகிவிட்ட ஒன்றைப் பிறர் முன் வைப்பது காட்சி. வண்ணம் பூசி, விளக்குப் போட்டு, பெயர்ப்பலகை ஒட்டிய மாதிரியின் அருகில் நிற்கும் மாணவரிடம் “இந்தப் படிக்கட்டு இடப்பக்கம் இருந்தால் என்ன?” என்று கேட்டால், அது ஏன் வலப்பக்கமே இருக்க வேண்டும் என்று வாதாடுவதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. அதே கேள்வியை வண்ணம் பூசாத வெள்ளை அட்டை மாதிரியின் முன் கேட்டால், அவர் படிக்கட்டைக் கையால் பெயர்த்து இடப்பக்கம் வைத்துப் பார்ப்பார். தொழில்முறை அரங்குகள் பலவற்றில் வெள்ளை மாதிரி நிலையில் ஒரு சந்திப்பும் இறுதி மாதிரி நிலையில் மற்றொரு சந்திப்பும் தனித்தனியே நடப்பதும் இதன் பொருட்டே. முதற்சந்திப்பில் செலவும் கட்டுமானமும் நடிகர்களின் நகர்வும் சரிபார்க்கப்படுகின்றன. மாற்ற வேண்டியவை அப்போதே மாற்றப்படுகின்றன. எனவே உங்கள் விமரிசகர்களைச் சில வாரங்கள் முன்னதாக, வெள்ளை மாதிரி மேசைமேல் இருக்கும்போதே, அழையுங்கள். அவர்கள் சொன்னதை மாணவர் ஏற்றாரா, மறுத்தாரா, ஏன் என்பதும் பிறகு காட்சியில் இடம்பெறலாம்.

இனி காட்சி அமைப்பு. அரங்க வடிவமைப்பு தனித்து நிற்கும் கலைப்பொருள் அன்று. நடிகர் அதனுள் நுழைய வேண்டும், நேரம் நகர வேண்டும், ஒளி மாற வேண்டும். அப்போதுதான் அது முழுமை பெறுகிறது. கண்காட்சிக் கூடத்தில் நடிகரும் இல்லை, நேரமும் இல்லை. விடுபட்டுப்போன இவ்விரண்டையும் பார்ப்பவர் மனத்தில் எழுப்புவதே காட்சி வைப்பவரின் முதல் வேலை என்று மாணவர்களிடம் சொல்லுங்கள்.

நடிகரைக் கொண்டுவர, மாதிரியில் மனித உருவம் இருக்க வேண்டும். 1:25 அளவில் 170 செ.மீ. உயரமுள்ளவர் 6.8 செ.மீ. ஆவார், 1:50 அளவில் 3.4 செ.மீ. ஆவார். உருவத்தை நடுவில் சும்மா நிறுத்தினால் அது உயரத்தை மட்டுமே காட்டும். பிரதியின் ஒரு குறிப்பிட்ட கணத்தைத் தேர்ந்து, அந்தக் கணத்தில் பாத்திரங்கள் எங்கெங்கே நிற்பார்களோ அங்கேயே உருவங்களை நிறுத்தி, அந்த வசனத்தின் ஒரு வரியை மாதிரியின் கீழே எழுதினால், பார்ப்பவர் நாடகத்துக்குள் வந்துவிடுகிறார். நேரத்தைக் கொண்டுவர, ஒரே மாதிரியைக் காட்சிக்குக் காட்சி மாற்றியமைத்து எடுத்த புகைப்படங்களை வரிசையாக வையுங்கள். ஆறு படங்கள் இருந்தால் போதும். முதற்படத்தில் மூடியிருந்த கதவு நான்காம் படத்தில் திறந்திருக்கிறது என்பதைப் பார்வையாளரே கண்டுபிடிக்கும்போது, பத்துவரி விளக்கம் தேவையற்றதாகிவிடுகிறது.

மாதிரியை எந்த உயரத்தில் வைப்பது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். அமர்ந்திருக்கும் ஒருவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 120 செ.மீ. உயரத்தில் இருக்கும். சமதளமான அரங்கில் மேடை 100 செ.மீ. உயர்ந்திருந்தால், முன்வரிசைப் பார்வையாளரின் கண் மேடைத் தளத்துக்கு மேலே வெறும் 20 செ.மீ.தான். 1:25 மாதிரியில் இது 8 மில்லிமீட்டர். மாதிரியைச் சாதாரண மேசையில் வைத்து நின்றபடி குனிந்து பார்க்கும்போது நாம் காண்பது, எந்தப் பார்வையாளரும் ஒருபோதும் காணப்போகாத தோற்றம். தரையில் வரைந்த கோலமான வடிவங்கள் எல்லாம் அழகாகத் தெரிகின்றன. முன்வரிசைக்கு அவை இல்லவே இல்லை. மாதிரியின் மேடைத் தளம், நிற்பவரின் கண்ணுக்குச் சற்றுக் கீழே வருமாறு உயரமான தாங்கியில் வையுங்கள். முன்னால் ஒரு முக்காலி இருந்தால் மேல்மாடத்திலிருந்து பார்ப்பதுபோல ஏறி நின்றும் பார்க்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். அது வேண்டாம், விழுந்துவிடுவார்கள். மேலிருந்து எடுத்த புகைப்படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் போதும். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் சிறுவர்களுக்கும் எட்டும்படி சில மாதிரிகளாவது தாழ்வான தாங்கியில் இருக்க வேண்டும். மாதிரியைப் புகைப்படம் எடுக்கும்போதும் கேமராவை அதே கண்மட்டத்துக்கு இறக்குங்கள்.

கிறுக்கல்களை வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வைக்கலாம், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. உழைப்பின் அளவைக் காட்டுவதற்காகக் குறிப்பேடு முழுவதையும் பிரித்து ஒட்டுவது பார்வையாளரைக் களைப்படையச் செய்யும். முடிவான வடிவம் ஏன் இப்படி ஆனது என்பதை விளக்கும் ஒரு திருப்பம் ஒவ்வொரு பணியிலும் இருக்கும். அந்தத் திருப்பத்துக்கு முந்தைய மாதிரி ஒன்று, பிந்தையது ஒன்று, இடையில் எடுத்த முடிவு இரண்டு வரியில். கைவிட்ட மாதிரி, முடிவான மாதிரியைவிட அழகாக இருந்தால் அதை நிச்சயம் வையுங்கள். அழகானதை ஏன் விட்டார் என்ற கேள்விக்கு மாணவர் சொல்லும் விடையில்தான் அவருடைய வடிவமைப்புச் சிந்தனை வெளிப்படும்.

எழுத்து விளக்கம் நூறு, நூற்றைம்பது சொற்களுக்குள் நிற்கட்டும். நின்றபடி படிப்பதற்கு ஏற்பப் பெரிய எழுத்தில் இருக்கட்டும். “இவ்வுலகின் வெறுமையைச் சாம்பல் நிறம் குறிக்கிறது” என்பது போன்ற வாக்கியங்களை நான் மாணவர்களிடம் அடித்துவிடச் சொல்வேன். அதற்குப் பதிலாக, நாடகம் எங்கே நடக்கிறது, யாருக்கு என்ன நேர்கிறது, இந்தப் பிரதியில் வடிவமைப்பாளர் எதிர்கொண்ட மிகக் கடினமான சிக்கல் எது, அதற்கு இந்த மேடை என்ன செய்கிறது என்று எழுதினால் போதும்.

தளவரைபடத்தையும் வெட்டுத்தோற்றத்தையும் (மேடையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தாற்போன்ற வரைபடம்) ஓரமாக ஒதுக்கிவிடாதீர்கள். ஆங்கிலேய அரங்க வடிவமைப்பாளர் எட்வர்ட் கோர்டன் கிரெய்க்கின் ஓவியங்களில் வானளாவிய திரைத் தடுப்புகளின் முன் சிறு மனித உருவங்கள் நிற்பதைக் காணலாம். அந்த விகிதமே அவற்றின் ஆற்றல். ஆனால் மாஸ்கோ கலை அரங்கில் 1912-ல் மேடையேறிய ‘ஹாம்லெட்’ நாடகத்துக்காக அந்தத் தடுப்புகள் உண்மையாகக் கட்டப்பட்டபோது, அவற்றை நிலையாக நிறுத்துவது பெரும்பாடாயிற்று. ஒத்திகையில் அவை சரிந்து விழுந்ததாக அவ்வரங்கின் நெறியாளர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி தம் நினைவுகளில் எழுதினார். கிரெய்க் அதை மறுத்தார். எது நடந்திருந்தாலும், தாளுக்கும் அட்டைக்கும் எடை கிடையாது, மேடைப் பொருளுக்கு உண்டு. தடுப்பு எதில் செய்யப்படும், எதனால் தாங்கப்படும், எத்தனை பேர் எவ்வளவு நேரத்தில் நகர்த்துவார்கள் என்பதை வரைபடம் சொல்ல வேண்டும். மேடையேறாத பணிகளுக்கு இது இன்னும் அவசியம், ஏனெனில் மேடையேறிய பணியை ஏற்கெனவே தச்சரும் மேடை மேலாளரும் சோதித்துவிட்டார்கள்.

இரண்டு வகைப் பணிகளையும் ஒரே கண்ணால் பார்ப்பது நியாயமா என்றால், இல்லை. மேடையேறிய பணியில், நினைத்ததற்கும் நடந்ததற்கும் இடையிலான தூரத்தைப் பற்றிக் கேட்க வேண்டும்: மாதிரியின் படமும் அரங்கேற்றத்தின் படமும் ஒரே கோணத்தில், ஒரே அளவில், பக்கத்தில் பக்கத்தில். மேடையேறாத பணியில், கற்பனை எவ்வளவு தூரம் போனது என்பதையும் அது கட்டப்படக்கூடியதா என்பதையும் கேட்க வேண்டும். எந்த வகை என்பது பெயர்ப்பலகையின் முதல் வரியிலேயே தெளிவாக இருக்கட்டும்.


ஒளிவாயில் எழுதியது:

ஒளியமைப்பு மாணவர்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றவற்றில் மேலே சொன்னதே எனக்கும் உடன்பாடு.

ஒளி வரைபடம் என்பது விளக்குகளைக் கட்டுபவர்களுக்கான ஆவணம். எந்தக் கம்பத்தில் எந்த விளக்கு, எந்த வண்ணத் தாள், எந்தச் சேனல் (விளக்கை இயக்கும் கட்டுப்பாட்டு எண்) என்பதை அது சொல்லும். பார்வையாளர் என்ன காண்பார் என்பதைச் சொல்லாது. ஆகவே அதை முதன்மைப் பொருளாக வைத்துவிட்டு யாரும் நிற்கவில்லை என்று வருந்துவதில் பயனில்லை. மாணவர் முதலில் காட்ட வேண்டியது, ஒரே மேடை இரண்டு ஒளிகளில் எப்படி இரண்டு இடங்களாக மாறுகிறது என்பதை. அமெரிக்க வடிவமைப்பாளர் ஜோ மீல்சினர் 1949-ல் ஆர்தர் மில்லரின் ‘ஒரு விற்பனையாளரின் மரணம்’ நாடகத்துக்கு மேடையையும் ஒளியையும் தாமே வடிவமைத்தார். நிகழ்காலத்தில் வீட்டைச் சுற்றிலும் அடுக்குமாடிக் கட்டடங்கள் நெருக்கி நிற்கும். நினைவுக் காட்சிகளில் அதே இடத்தின்மீது இலைகளின் நிழலுருவம் ஒளியாக விழ, கட்டடங்கள் மறைந்துபோகும். திரை இறங்கவில்லை, பொருள்கள் நகரவில்லை, காலம் மட்டும் மாறுகிறது. இதைக் காட்சியில் வைப்பதானால் இரண்டு படங்களே போதும். அந்த மாற்றத்தைக் கண்டவர்க்குக் கம்பங்களின் வரைபடம் பிறகு பொருள் தரும்.

முடியுமானால் ஒரு சிறு கறுப்புப் பெட்டிக்குள் மாதிரியை வைத்து, மூன்று நான்கு சிறிய எல்.இ.டி. விளக்குகளை நாடகத்தின் கியூக்களுக்கேற்ப வரிசையாக மாறும்படி நிரல் செய்து வையுங்கள். பார்வையாளர் ஒரு பொத்தானை அழுத்தினால் தொண்ணூறு நொடிகளில் விடியலிலிருந்து இரவு வரை கடந்து செல்ல வேண்டும். கூடத்தின் பொது வெளிச்சம் இதன்மேல் விழுந்தால் எல்லாம் வெளுத்துப்போகும். எனவே ஒளி மாணவர்களுக்குக் கூடத்தின் இருண்ட மூலையை முதலிலேயே ஒதுக்கிவிட்டுப் பிறகு மற்றவர்களுக்கு இடம் பிரியுங்கள். கடைசியில் மிஞ்சும் சன்னலோர இடம் அவர்களுக்குப் போவது வழக்கமாகிவிட்டது, அது அவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி.

கியூ பட்டியலில் எண்ணும் நேரமும் மட்டும் இருந்தால் அது விமரிசகருக்கும் உதவாது. ஒவ்வொரு கியூவின் எதிரிலும் “ஏன் இப்போது?” என்பதற்கு ஒரு சொற்றொடர் வேண்டும்: அவள் கடிதத்தைப் பிரிக்கிறாள், அவன் பொய் சொல்லத் தொடங்குகிறான். இப்படி எழுதிப் பார்க்கும்போது காரணமில்லாத கியூக்கள் தாமாகவே வெளிப்பட்டுவிடும். ஒளி எட்டு நொடியில் மங்குவதா, இரண்டு நொடியில் மங்குவதா என்ற விவாதமும் அப்போதுதான் பொருளுடையதாகிறது.

ஒலி மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒரே கூடத்தில் பலருடைய ஒலிபெருக்கிகள் ஒலித்தால் ஒருவருடையதும் கேட்காது, ஹெட்ஃபோனே வழி. ஆனால் ஹெட்ஃபோனில் இடம் தொலைந்துபோகிறது. மழை பார்வையாளரின் பின்னாலிருந்து வந்ததா, மேடைக்குள்ளிருந்து வந்ததா என்பது ஒலி வடிவமைப்பின் பாதி. ஆகவே ஒலிபெருக்கிகளின் இடங்களைக் குறித்த அரங்கத் தளவரைபடம் ஒன்று கண்ணெதிரே இருக்க, ஒவ்வொரு ஒலியும் எங்கிருந்து வருகிறது என்பது அதில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். விமரிசகர்களுக்காக மட்டும், ஒரு மணி நேரமாவது ஒத்திகை அறையில் உண்மையான ஒலிபெருக்கிகளோடு ஒரு கேட்பு அமர்வு வைத்தால் மிக நல்லது. கேட்பதற்கு வைக்கும் பகுதி இரண்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். நடிகரின் குரலும் அதில் இருக்கட்டும். குரல் இல்லாத ஒலித்தடம் எப்போதும் உண்மையைவிட அடர்த்தியாகத் தோன்றும்.


மூன்றாம் மணி எழுதியது:

நான் நெறியாளர். இத்தகைய காட்சிகளுக்கு விமரிசகராக அழைக்கப்படுபவன் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

வெள்ளை அட்டை அவர்கள் எழுதியவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். விமரிசனம் முழுவதையும் முன்னதாக நகர்த்திவிட வேண்டும் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. படிப்பை முடித்து வெளியேறும் மாணவர், தம் பணியை முன்பின் அறியாத ஒருவரிடம் முழுமையாக எடுத்துவைத்து, அவருடைய கேள்விகளுக்கு நின்று விடைசொல்லும் பயிற்சியையும் பெற்றாக வேண்டும். அவருக்கு அடுத்த வாய்ப்பு அத்தகைய உரையாடலிலிருந்துதான் வரும். யேல் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் மேடை வடிவமைப்புக் கற்பித்த மிங் சோ லீ, 1990 தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பல்வேறு பல்கலைக்கழகங்களின் வடிவமைப்பு மாணவர்களை ஆண்டுதோறும் நியூயார்க்கில் கூட்டினார். மாணவர்கள் தங்கள் பணிகளை மேசைகளில் பரப்பி வைக்க, நெறியாளர்களும் வடிவமைப்பாளர்களும் மேசைக்கு மேசை சென்று பார்த்துப் பேசினார்கள். அங்கே பேசப்பட்டது அந்த நாடகத்தை எப்படி மாற்றலாம் என்பது அன்று. இந்த இளைஞர் எப்படிச் சிந்திக்கிறார், அடுத்து எதைக் கற்க வேண்டும் என்பது. பிரிட்டனில் மேடை வடிவமைப்புக்காக 1987 முதல் வழங்கப்படும் லின்பரி பரிசிலும், இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகும் இளம் வடிவமைப்பாளர்கள் தொழில்முறை அரங்கக் குழுக்களோடு சேர்ந்து வடிவமைத்து அதைக் காட்சிக்கு வைக்கிறார்கள். முடிந்த பணியின் முன் நடக்கும் உரையாடலுக்கும் ஒரு மதிப்பு உண்டு. எனவே வெள்ளை மாதிரி நிலையில் ஒன்று, காட்சியில் ஒன்று என்று இரண்டு அமர்வுகள் தேவை. இரண்டாவதில் கேட்கப்படும் கேள்விகள் வேறாக இருக்க வேண்டும்.

மனித உருவம் பற்றி ஓர் இடையீடு. சுவிட்சர்லாந்தின் மேடை வடிவமைப்பாளர் அடோல்ஃப் ஆப்பியா 1909-ஐ ஒட்டி வரைந்த ‘தாள லய வெளிகள்’ என்னும் ஓவியங்களில் ஓர் உருவமும் கிடையாது. படிகள், மேடுகள், தூண்கள், அவற்றின்மேல் விழும் ஒளி மட்டுமே. ஆயினும் அந்தப் படியின் உயரத்தைப் பார்த்ததும் அதில் ஏறப்போகும் உடலை நாம் உணர்கிறோம். ஒரு மாணவர் உருவம் வேண்டாம் என்று வாதிட்டால், படியும் கதவும் நாற்காலியும் அந்த வேலையைச் செய்கின்றனவா என்று பார்த்து அனுமதியுங்கள்.

இனி, அமர்வை நடத்தும் முறை. நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990-ஐ ஒட்டி உருவாக்கிய ஒரு முறை நாடகப் பள்ளிகளிலும் பரவியிருக்கிறது. அதில் நான்கு படிகள் உண்டு. முதலில் பார்த்தவர்கள், தங்களுக்கு எது பொருளுடையதாக, நினைவில் நிற்பதாக, வியப்பூட்டுவதாக இருந்தது என்று மட்டும் சொல்கிறார்கள். அடுத்துப் படைப்பாளர் தமக்கு ஐயமுள்ள இடங்களைப் பற்றித் தாமே கேள்வி கேட்கிறார். மூன்றாவதாகப் பார்த்தவர்கள் கேட்கிறார்கள், ஆனால் கேள்விக்குள் தீர்ப்பு ஒளிந்திருக்கக் கூடாது. “ஏன் இவ்வளவு இருட்டாக வைத்தீர்கள்?” என்பது தீர்ப்பு, “இந்தக் காட்சியில் முகங்களைப் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்று நினைத்தீர்கள்?” என்பது கேள்வி. கடைசியாக, “படிக்கட்டைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, சொல்லலாமா?” என்று படைப்பாளரிடம் அனுமதி பெற்ற பிறகே கருத்து. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் படைப்பாளருக்கு உண்டு.

இந்த முறையை அப்படியே பின்பற்றினால் நேரம் நீளும் என்பது உண்மைதான். ஆனால் அதன் முதலிரண்டு படிகளை மட்டும் கடைப்பிடித்தாலும் அறையின் காற்றே மாறிவிடுகிறது. என் நடைமுறையைச் சொல்கிறேன். மாணவர் வாய் திறப்பதற்கு முன் நான் இரண்டு மூன்று நிமிடம் பேசாமல் பார்ப்பேன், பார்த்ததை உரக்கச் சொல்வேன்: “இந்த வீட்டில் யாரும் தனியாக இருக்க முடியாது என்று தோன்றுகிறது, எல்லாக் கதவுகளும் நடுக்கூடத்தை நோக்கித் திறக்கின்றன.” மாணவர் அதைத்தான் நினைத்தாரா இல்லையா என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிடும். வடிவமைப்பு தானாகப் பேசுகிறதா, விளக்கம்தான் பேசுகிறதா என்று அறிய இதைவிட நேரான வழி எனக்குத் தெரியாது. மாணவர் முதலில் பேசிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்; பிறகு அவர் சொன்னதைத்தான் எல்லோரும் மாதிரியில் தேடுவோம்.

மாணவர் பேசும்போது, மாதிரியைப் பற்றியல்ல, நாடகத்தைப் பற்றிப் பேசித் தொடங்க வேண்டும் என்று பழக்குங்கள். “இங்கே ஒரு சுவர் இருக்கிறது” என்பது எங்களுக்கே தெரிகிறது. அந்தச் சுவருக்குப் பின்னால் ஒருவர் ஒட்டுக்கேட்கிறார் என்பதும் அது மூன்றாம் காட்சியில்தான் நமக்குத் தெரியவருகிறது என்பதும் தெரியாது.

விமரிசகர் எல்லோரும் பிரதியைப் படித்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு நாடகத்துக்கும் ஒரு பக்கக் கதைச் சுருக்கத்தையும் காட்சிப் பட்டியலையும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். விமரிசனத்தின்போது மாணவர் குறிப்பெடுக்கக் கூடாது; அவருடைய வகுப்புத் தோழர் ஒருவர் அவருக்காகக் குறிப்பெடுக்கட்டும். எழுதிக்கொண்டிருப்பவரால் உரையாட முடியாது. மேலும், கேட்பவர் நினைவில் கடுமையான சொற்கள் மட்டுமே தங்கும், தோழரின் குறிப்பில் எல்லாமே இருக்கும். ஒருவருக்கு இருபத்தைந்து நிமிடத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். மாணவர் எண்ணிக்கை மிகுதியானால் விமரிசகர்களைக் குழுக்களாகப் பிரிக்கலாம், நேரத்தைக் குறைக்கக் கூடாது. ஆசிரியரான நீங்கள் அந்த நேரத்தில் மாணவருக்காக விடை சொல்ல வேண்டாம் என்றும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அது எங்கள் எல்லோருக்கும் நேரும் உந்துதல், ஆனாலும் வேண்டாம்.


நூலிழை எழுதியது:

உடை வடிவமைப்பைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை என்பதால் சுருக்கமாகச் சில சொற்கள்.

உடை ஓவியங்களைத் தனித்தனிச் சட்டங்களில் வரிசையாக மாட்டுவது அழகு. ஆனால் மேடையில் உடைகள் ஒருபோதும் தனித்தனியே நிற்பதில்லை. ஒரு காட்சியில் சேர்ந்து வரும் பாத்திரங்களின் ஓவியங்களைச் சேர்த்தே மாட்டுங்கள். யார் கூட்டத்தோடு கலந்திருக்கிறார், யார் விலகித் தெரிகிறார் என்பது அப்போதுதான் புலப்படும். மேடையமைப்பின் நிறத்துண்டு ஒன்றையும் அருகில் வைத்தால், பின்புலத்தோடு உடை கரைந்துபோகிறதா என்பதும் தெரியும்.

துணி மாதிரித் துண்டுகளைக் கண்ணாடிக்குள் பூட்டாதீர்கள். தொட்டுப் பார்க்க ஒரு தொகுதி, உள்ளங்கை அளவுக்குக் குறையாத துண்டுகளாக, தொங்கவிட்டு வைக்கவும். துணி எப்படி மடிகிறது, எப்படி விழுகிறது என்பது தட்டையாக ஒட்டிய சிறு சதுரத்தில் தெரியாது. வெளிச்சத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. ஒரு விளக்கின் கீழ் ஒரே நிறமாகத் தோன்றும் இரண்டு துணிகள் மற்றொரு விளக்கின் கீழ் வெவ்வேறாகத் தோன்றுவது உண்டு. 3200 கெல்வின் வெப்பநிற மேடை விளக்குக்காகத் தேர்ந்த துணியைக் கூடத்தின் நீலம் கலந்த வெண்விளக்கில் வைத்து நிறப்பொருத்தத்தை விமரிசிப்பது மாணவருக்குச் செய்யும் நியாயமன்று. உடைப் பகுதிக்காவது நிறத்தை உண்மையாகக் காட்டும் விளக்குகளைக் கேட்டு வாங்குங்கள்.

தைக்கப்பட்ட உடை இருந்தால் பொம்மையில் மாட்டலாம். அதைவிட, அந்த உடையில் நடிகர் அமர்வது, ஓடுவது, குனிவது ஆகியவற்றின் அரை நிமிடக் காணொளி பெரிதும் பயன்படும். உடை ஆளைத் தடுக்கிறதா, தடுப்பதுதான் வடிவமைப்பாளரின் நோக்கமா என்பதை நிற்கும் பொம்மை ஒருபோதும் சொல்லாது.


மேடைப்பக்கம் எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வெள்ளை மாதிரி நிலையில் ஓர் அமர்வைச் சேர்க்கவும், காட்சி நாளின் அமர்வை மூன்றாம் மணி அவர்கள் சொன்னபடி பார்த்ததைச் சொல்வதிலிருந்து தொடங்கவும் முடிவு செய்திருக்கிறேன். கூடத்தின் இருண்ட பகுதியை ஒளி மாணவர்களுக்கு ஒதுக்கித் தரைப்படமும் வரைந்துவிட்டேன்.

ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. மேடையேறிய நாடகங்களில் மேடை, உடை, ஒளி மூன்றையும் மூன்று மாணவர்கள் சேர்ந்து செய்திருக்கிறார்கள். அவர்களைப் பிரிவு வாரியாகப் பிரித்து வைப்பதா, நாடகம் வாரியாகச் சேர்த்து வைப்பதா? சேர்த்து வைத்தால் யாருடைய பணி எது என்று மதிப்பிடுவது கடினமாகும் என்று சக ஆசிரியர்கள் கருதுகிறார்கள்.


வெள்ளை அட்டை எழுதியது:

சேர்த்தே வையுங்கள். மூவரும் ஒரே நெறியாளரோடு, ஒரே பிரதியை ஒட்டி எடுத்த முடிவுகளைப் பிரித்துவிட்டால், ஒருவர் முடிவு மற்றவருடையதை எப்படி மாற்றியது என்ற மிகச் சுவையான பகுதி காணாமல்போகும். விமரிசன அமர்விலும் மூவரையும் ஒன்றாக அமர்த்திப் பேசுங்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் தனியே பத்து நிமிடம் கொடுக்கலாம்.

மதிப்பீட்டுக் கவலைக்குத் தீர்வு பெயர்ப்பலகைகளில் இருக்கிறது. நாடகத்துக்கு ஒரு பெரிய பலகை: நாடகாசிரியர், நெறியாளர், மூன்று வடிவமைப்பாளர்கள், அரங்கேறிய இடம், ஆண்டு. அதன் கீழே ஒவ்வொரு பொருளுக்கும் சிறு பலகை: இந்த மாதிரியைச் செய்தவர், இந்த ஓவியத்தை வரைந்தவர், இந்தப் புகைப்படத்தை எடுத்தவர். மேடைப் புகைப்படத்தில் மூவருடைய பணியும் இருக்கும் என்பதால் மூவர் பெயரும் அங்கே வர வேண்டும். மாதிரி செய்ய உதவிய இளைய மாணவர்கள், உடை தைத்தவர்கள், மேடை கட்டியவர்கள் ஆகியோரின் பெயர்களையும் விட்டுவிடாதீர்கள். பிறருடைய பங்கைக் குறிப்பிடாமல் தன் பணியாகக் காட்டும் போர்ட்ஃபோலியோவை (பணித்தொகுப்பை)த் தொழில்முறைச் சூழலில் யாரும் நம்புவதில்லை. யார் எதைச் செய்தார் என்று துல்லியமாகச் சொல்லும் பழக்கத்தை மாணவர்கள் இந்தப் பலகைகளை எழுதும்போதே கற்றுக்கொள்ளட்டும்.

காட்சியைப் பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு மாணவரின் பகுதியையும் அவர் வைத்தபடியே, முழுதாகவும் நெருக்கமாகவும், படம் எடுத்துக்கொடுக்க ஒருவரை இப்போதே ஏற்பாடு செய்துவிடுங்கள். மாதிரிகள் பெரும்பாலும் அடுத்த ஆண்டுவரை தாங்குவதில்லை.